எந்த மீனுக்கு

மினிக்காயை விட்டு மூன்றாம் ராத்திரி.
குலையில் மிச்சம் பதினொரு மட்டிப்பழம்.
நாள் எண்ணுவது இப்போது அதில்தான்:
கொளச்சலில் ஏற்றும்போது முழுப்பச்சை,
கல்பேனியில் முதல் சீப்பு மஞ்சள்,
இன்றைக்குத் தோலெல்லாம் கறுப்புப் புள்ளி.

கீழே ஷர்மிளா வாளியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள்.
மார்த்தாண்டத்தில் வங்கிக் கடன் பிரிவு.
போக இரண்டு நாள் வாந்தி, வர இரண்டு நாள்.
நடுவில் தீவில் நின்றபோது
தரைதான் ஆடியதாம்.
தேங்காய்ப்பட்டணத்து ஹபீப்
அடுப்போடு சேர்ந்து சாய்ந்து, நிமிர்ந்து,
சொட்டுச் சிந்தாமல் கட்டன்சாயா ஆற்றுகிறான்.
ஏசி மெக்கானிக்.
"காத்தை இலவசமாத் தாற கடல்ல எனக்கு என்ன ஜோலி" என்று
புறப்பட்ட நாள் முதல் கேட்கிறான்.

எனக்கும் கிளீட்டஸுக்கும்
நாலு மணிநேரத்துக்கு ஒரு சந்திப்பு.
அவர் ஏறி வருவார், நான் இறங்கிப் போவேன்.
"கச்சான் கொஞ்சம் கூடியிருக்கு."
"பாயை ஒரு மடிப்புச் சுருக்கியாச்சு."
"வடக்கால ஒரு கப்பல், பச்சை வெளிச்சம்."
பேச்சு அவ்வளவுதான்.
ஆனால் அவர் எழும்பிப்போன பலகையில் சூடு இருக்கும்.
அதற்குள் சுருண்டுகொள்வேன்.
அவர் குவைத்தில் இருந்த பத்தொன்பது வருஷமும்
பணம் வந்தது, சென்ட் வந்தது, கம்பளி வந்தது.
இது வந்ததில்லை.

பத்து மணிக்கு என் காவலில்
வயர்லெஸ் கரகரத்தது.
"ஓய், வெள்ளப் பாயி, எந்த ஊராக்கும்?"
தெற்கே மங்கலாய் ஒரு விளக்கு.
தூத்தூர் விசைப்படகு, கரை விட்டு முப்பது நாள்.
கொளச்சல் என்றேன்.
"பொம்பளயா பேசுதது?"
"ஆமா."
கொஞ்சநேரம் வெறும் இரைச்சல்.
"எந்த மீனுக்குப் போனிய?"
"மீனுக்கில்ல."
"பின்ன?"

பொத்தானை அழுத்தியபடி இருந்தேன்.
எங்கள் கரையில் கடலுக்குப் போவது மீனுக்கு,
இல்லையென்றால் திரும்பாதவனைத் தேடி.
அந்தப் புயல் வருஷம் என் தம்பிக்காகப்
படகுகள் போயின. ஒன்றிலாவது ஏறுகிறேன் என்றேன்.
பொம்பளைக்கு இடமில்லை என்றார்கள்.
மணலில் நின்று
போன படகுகளை எண்ணினேன்,
வந்தவற்றை எண்ணினேன்.
இதையெல்லாம் வயர்லெஸ்ஸில் எப்படிச் சொல்ல?

"சும்மா" என்றேன்.
"சும்மாவா?"
"சும்மா, போயிற்று வாறோம்."
அங்கே ஒருத்தன் சிரித்தான். இன்னொருத்தன் சிரித்தான்.
படகு முழுக்கச் சிரிப்பு,
பிறகு ஒன்றுமில்லை.
எனக்கு முகம் சுட்டது.

ஒன்றரை மணிக்கு அதே குரல், தணிந்து,
மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் போல.
"அக்கா, கேக்குதா?
அந்தத் தீவு எப்பிடி இருந்து?
பதினாலு வருஷமா பக்கத்துல போறேன்.
வெளக்கு மட்டும் தெரியும். எறங்குனதில்ல."

விளக்குக்கு அடியில் மணல் வெள்ளை,
கால் வைத்தால் மாவு மாதிரி, என்றேன்.
கிணற்றுத் தண்ணீர் லேசாய் உப்பு.
மாசி காயும் வாசம் நம்ம கருவாடு போல இல்லை, புகையும் சேர்ந்தது.
சாயாக்கடைக்காரர் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.
பையன்கள் பந்து விளையாடுகிறார்கள்,
பந்து கடலுக்குள் போனால்
முழங்கால் ஆழத்தில் நடந்துபோய் எடுக்கிறார்கள்,
அவ்வளவு தூரமும் முழங்கால்தான்.
"பொறவு?" என்றான்.
பிறகு...

இரண்டு மணிக்குக் கிளீட்டஸ் ஏறி வந்தார்.
காற்றைப் பற்றிக் கேட்கவில்லை.
சுக்கானை வாங்கவும் இல்லை.
கடைசிச் சீப்பில் ஒரு பழம் பிய்த்து, பாதி எனக்குத் தந்து,
பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கிழக்கே முட்டம் விளக்கு
ஒருமுறை கடலைத் துடைத்துப் போனது.
நான் இன்னும் கல்பேனிக்கு வரவில்லை.
கீழே பலகை
ஆறிக்கொண்டிருந்தது.