கேபினுக்கு ஒரு பல்பு

எண்ணூர் நெடுஞ்சாலையில் மூன்றாம் ராத்திரி.
முன்னால் நாற்பது டிரெய்லர்,
பின்னால் எண்ண வழியில்லை.
கேட் திறந்துவிட்டதென்ற சேதி
டீ கேனோடு வந்து
டீ கேனோடு போனது.

விடியலில் சாவியைத் திருகினால்
டிக். அவ்வளவுதான்.
பேட்டரி செத்திருந்தது.
பின்வண்டி சற்குணம் ஒயர் போட்டு உசுப்பிவிட்டு
"இன்னா, ராத்திரிபூரா லைட்டா?" என்றான்.

ஆமாம். படுக்கைக்கு மேலே ஒரு குண்டு பல்பு.
சோறு, டீசல் கணக்கு, செல்போனில் மகள்
எல்லாம் அதன் கீழேதான்.
மூடி உருகி, நடுவில் கருகின தோசை நிறம்.
அடைமழையில் நமத்த தீப்பெட்டியை
அதன் பக்கத்தில் வைத்துக் காயவைத்திருக்கிறேன்.
வெளிச்சத்துக்குத் தின்றதைவிட
சூட்டுக்குத் தின்றது அதிகம்.

தண்டையார்பேட்டையில் பிலோமி கடை.
பழசை வாங்கி உருட்டிப் பார்த்தாள்,
மீனின் செவுளைப் பிரித்துப் பார்க்கிறவள் மாதிரி.
"ரெண்டு காதும் ஒரே மட்டம். அடியில ரெண்டு புள்ளி. சரி.
உன்து இருபத்துநாலு வோல்ட்டு.
காருக்கு வர்றத மாட்டுனா
ஒரு நிமிசம் கல்யாணம், அப்பால கருமாதி."

வெள்ளையா மஞ்சளா என்றாள்.
வெள்ளையை எரித்துக் காட்டினாள்.
என் கை, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கையாக இருந்தது.
காசிமேட்டில்
நேற்றைய வஞ்சிரத்தை இன்றையதாக்கும் வெளிச்சம்.
நான் விற்பனைக்கு இல்லை.
முப்பது ரூபாய் கூடக் கொடுத்து
மஞ்சளை வாங்கினேன்.

மாட்டினேன். எரியவில்லை.
கடையை, தெருவை, அந்தப் பிலோமியை
வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்கும்போது
அவள் பாக்கி கொடுக்கையில் சொன்னது காதில் விழுந்தது:
"எரியலேன்னா திருப்பிப் போடு.
பழசுக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான்.
இதுக்கு பிளஸ் மைனஸ் தெரியும்."

திருப்பினேன்.
பலகை, பிளாஸ்டிக் குடம், தொங்குகிற லுங்கி,
ஒவ்வொன்றாக வந்து நின்றன.
தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.
மகள் கூப்பிட்டாள்.
"அப்பா, மூஞ்சி தெளிவா கீது" என்றாள்.
பிறகு, "ஷேவ் பண்ணலியா?"

பத்து மணிக்கு அணைத்தேன்.
அணையவில்லை முழுசாக.
இருட்டுக்குள் நகக்கண் அளவு
ஒரு மினுக்கம்.
சற்குணத்தை எழுப்பிக் காட்டினேன்.
சுவிட்சை முகர்ந்தான், ஒயரைத் தடவினான்.
"எங்கியோ கரண்டு கசியுது.
பழைய பல்புக்கு இது உறைக்கவே உறைக்காது.
இது சின்ன வயிறு, காட்டிக்குடுக்குது" என்று
கொட்டாவியோடு இறங்கிப் போனான்.

படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஏழு வருசமாக
இந்த வண்டியில்தான் தூங்குகிறேன்.
ஏழு வருசமும் கசிந்திருக்கிறது.