குதிரைக்குத் தண்ணீர்

நீடாமங்கலத்தில் நெய்னா முகமது
மணிக்கு ஐம்பது காசுக்கு சைக்கிள் விடுவார்.
நாளுக்கு அதே காசுக்கு
அரசர்களையும்.

வாரப் பத்திரிகையில் வரவரக் கிழித்துச் சேர்த்து
காலிகோ ஒட்டித் தைத்த பாகங்கள்.
ஒரு பக்கத்தில் வாள் உருவுவார்கள்,
மறுபக்கத்தில் பல்பொடி விளம்பரம்.
ரயில்வே கேட் மூடிக் கிடக்கையில்
நின்றபடியே ஒரு கோட்டையைப் பிடித்துவிடலாம்.

நான் மூணாறு தலைப்பில் லஸ்கர்.
வெண்ணாறு இங்கே கோரையாறாக, பாமணியாறாகப் பிரிந்து
மிச்சம் தன் பேரிலேயே போகிறது.
எதற்கு எத்தனை கன அடி என்று சாயங்காலம் தாக்கல் வரும்.
ஷட்டரை ஏற்றி, அளவைக் குறித்துவிட்டால்
விடியும்வரை எனக்கு வேறு ராஜ்ஜியம்.

அந்த வருஷம் மேட்டூர் திறப்பு தள்ளிப்போனது.
ஆனி முழுக்க ஆற்றில் மணல்,
என் கையில் மூன்றாம் பாகம்.

நாயக்கர் காலத்துக் கதை.
ஒற்றன் ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு
நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்குப் பறக்கிறான்.
முப்பத்தேழாம் அத்தியாயத்தில், ஓரத்தில், பென்சில்:
“மூன்று நாளாக ஓடுகிறது.
குதிரைக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை.”

அத்தோடு விடவில்லை அந்தப் பென்சில்.
இளவரசி மாறுவேடத்தில் சத்திரத்துக்குள் நுழைகிறாள்:
“கொலுசைக் கழற்றினாளா?”
நிலவறைச் சண்டையில்:
“இரண்டு கையிலும் வாள். பந்தம் பிடிப்பது யார்?”
காதல் பேசும் பக்கத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.
ஆனால் அந்தத் தாளின் மூலை
மற்றதைவிட அழுக்கு.

எனக்கும் கை துறுதுறுத்தது.
ஆனி மாதம், கரை புரளும் வெள்ளம்,
வெண்ணாற்றில் குதிரையை இறக்குகிறான்.
எழுதினேன்:
“ஆனியில் இங்கே மணல்தான். நேரில் பார்க்கிறேன்.”

ஆடி பிறந்து மறுபடி எடுத்தபோது
என் வரிக்குக் கீழே:
“அப்போது மேட்டூர் அணை இல்லை, லஸ்கரே.”

லஸ்கர் என்று எப்படித் தெரியும்?
பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன்.
பழக்கதோஷம்,
என் வரிக்கு முன்னால் மணியும் தேதியும் போட்டிருந்தேன்.

நெய்னா செயினுக்கு எண்ணெய் விட்டபடி சொன்னார்:
“யார் யாரோ எடுக்குறாங்க.
சைக்கிளுக்குத்தான் பேர் எழுதி வைப்பேன்.
கதைய யாரு திருடப்போறா?”

திருடத்தான் செய்திருந்தார்கள்.
கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
ஓலை போய்ச் சேர்ந்ததா, அவள் காத்திருந்தாளா,
அட்டைதான் தெரியும்.
அட்டையின் உள்பக்கம் பென்சில், கொஞ்சம் அழுத்தி:
“ஓடக்காரன், ஓடக்காரன் என்றே எட்டு அத்தியாயம்.
உயிரைக் கொடுத்தவனுக்குப் பேர் கிடையாதா?”

ஆவணியில் தண்ணீர் வந்தது.
ஒரு ராத்திரி, ரெண்டே கால் மணிக்கு,
மன்னார்குடிப் பக்கம் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய
வாடகைக் குதிரை பாலத்தில் நின்றுவிட்டது.
நெற்றியில் ஜிகினா, ஒரு பக்கம் பிய்ந்து.
பிடித்து வந்தவன் இழுத்தான், வைதான், கெஞ்சினான்.
அது கீழே ஷட்டர் இரைவதையே கேட்டுக்கொண்டிருந்தது.

படித்துறை வழியாக இறக்கச் சொல்லி
டார்ச் பிடித்தேன்.
கழுத்தை நீட்டிக் குடித்தது.
வெகு நேரம். காதுகள் மட்டும் அசைந்தன.
“மாப்பிள்ளைய இறக்கிவிட்டதும்
எங்கள ஒருத்தரும் கேக்கலண்ணே” என்றான்.

பேரைக் கேட்டேன்.
“எதுக்குண்ணே?”
“எழுதிக்கத்தான்.”
பயந்துகொண்டே சொன்னான்.

முப்பத்தேழாம் அத்தியாயம், ஓரம்:
2.15. குடித்தது.
பிடித்து வந்தவர் வேம்பையன்.

அதற்கப்புறம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.
மூன்றாம் பாகம்
வெளியே போயிருக்கிறது என்கிறார் நெய்னா.