நூற்று நான்கு

ஹால்வரில் விவசாயிகள் வங்கிக்குப் போன் போட்டால்
ஒரு பெண் எடுத்து வெப்பநிலை சொல்வாள்.
காசு கிடையாது. ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பாள்.
ஆர்டிஸ் டோலெஃப்சன், கடன் பிரிவு, இரண்டாவது மேசை.
எழுபத்தேழு அக்டோபரில்
பெட்டக அறைக்குள் அவளை உட்காரவைத்துக்
குரலைப் பதிந்தவன் நான்.
வடக்கு டகோட்டாவில் ரேடியேட்டர் முனகாத இடம்
அது ஒன்றுதான்.

தாளில் எண்களை வரிசையாக எழுதிப் போயிருந்தேன்.
எண்ணை வாசிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

முதல் வரியிலேயே மைனஸை அடித்தாள்.
அது கரும்பலகையில் இருக்கும் சொல்,
மைனஸில் எவனும் டிராக்டரைக் கிளப்பியதில்லை.
எண் முன்னால் போகட்டும், பிலோ பின்னால் வரட்டும்:
ட்வென்டி பிலோ.
எதற்குக் கீழே என்று கேட்க
இந்த ஊரில் ஆள் இல்லை.

ஃபாரன்ஹீட்டையும் அடித்தாள்.
எல்லை தாண்டி மனிடோபாவில்
முப்பது என்றால் இப்போது சட்டையைக் கழற்றுகிறார்களாம்.
கழற்றட்டும்.
நமக்கு முப்பது என்றால் கையுறை.

தர்ட்டீனைச் சொல்லும்போது மட்டும் பயந்தாள்.
வாலை நீட்டி அழுத்து, தர்ட்டியில் தலையை அழுத்து.
மாற்றிக் கேட்ட ஒருவன் கன்றுகளை வெளியே விட்டால்
அது என் தலையில்தானே விடியும்?
பதினொரு தடவை சொன்னாள்.

டிகிரி, டிகிரீஸ்.
இரண்டையும் தனித்தனியாக வெட்டி வைத்தேன்.
ஒன்றுக்கு முதலாவது, மற்றதற்கெல்லாம் அடுத்தது.
பூஜ்யத்துக்கு?
பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.
ஸீரோ டிகிரீஸ்.
ஒன்றுமில்லாததற்குப் பன்மைதான், டுவேன்,
கடன் பிரிவில் தினமும் பார்க்கிறேன்.

ஐம்பது பிலோவில் தொடங்கி
நூறைத் தொட்டபோது மணி ஐந்து.
பையனை ஹாக்கியிலிருந்து கூட்டி வரவேண்டும்.
போதும், இதற்கு மேல் போகாது, என்று ஸ்கார்ஃபைச் சுற்றினாள்.
போகாது என்று நானும் இயந்திரத்தை நிறுத்தினேன்.

போனது. எப்போதாவது, ஒரு பிற்பகல்.
அப்போதெல்லாம் போனில் ஒரு கிளிக், பிறகு காற்று.
ஊர் அதையும் படித்துக்கொண்டது.
வங்கி பேசவில்லை, என்பார்கள் பெட்ரோல் பங்க்கில்,
மாடுகளுக்குத் தண்ணீர் வை.

வங்கி பேசாத நாட்கள் பெருகின.
புது மேலாளர் என்னைத் தேடிப் பிடித்தான்.
வேறு குரல் வைக்கலாம் என்றான்.
அதற்கு நாற்பது பேர் கையெழுத்திட்டு
வேண்டாம் என்றார்கள்.

அவளுக்கு எண்பத்தொன்று.
கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள்
நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், முழங்கால் கதவுக்கு வெளியே.
ஒன் ஓ ஃபோர் என்று சொல்லிப் பார், என்றேன்.
மாட்டேன் என்றாள்.
லாய்டின் கடைசி இரவில் நர்ஸ் அப்படித்தான் வாசித்தாள்.
அது காய்ச்சலுக்கு.
வெளியில் அடிப்பதற்கு வேறு மாதிரி:
எ ஹண்ட்ரட் அண்ட் ஃபோர்.
அண்டை விழுங்காதே, அங்கேதான் மூச்சு வாங்கும்.

எதுவரை சொல்லட்டும் என்று கேட்டாள்.
போகாது என்று இம்முறை
நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.
நூற்றுப் பதினெட்டில் இருமல் வந்தது.
தண்ணீர் குடித்துவிட்டு இருபது வரை போனாள்.

ஜூலையில் ஒரு நாள், மூன்றரை மணி,
தார் ஷூவில் ஒட்டுகிறது. போன் போட்டேன்.
விவசாயிகள் வங்கி, வெப்பநிலை,
என்றாள் முப்பத்தேழு வயதுக்காரி,
அவசரமாக, ஹாக்கிக்குப் போகவேண்டியவள்.
எ ஹண்ட்ரட் அண்ட் ஃபோர்,
என்றாள் கிழவி, கோட்டுகளுக்கு நடுவிலிருந்து.
நான் புதிதாகப் பதிய மறந்துபோன ஒரே சொல்லை
பெட்டகத்திலிருந்து எடுத்துக்கொடுத்தாள் மற்றவள்:
டிகிரீஸ்.

வைத்துவிட்டு, மறுபடி போட்டேன்.
நூற்று ஐந்து ஆகியிருந்தது.