மலை கடிக்கும் இடம்

வோஸில் நவம்பர்.
வெளியே மழை, நான்கு மணிக்கே இருட்டு.
நிலவறையில் கௌதே
ஒரு மலையைக் கட்டி முடித்த பிறகுதான்
அளவுகோலைத் தேடினான்.

மரச்சட்டம், கம்பி வலை, மேலே சாந்துத் துணி.
பாறைக்குச் சாம்பல், பனிக்கு வெள்ளை.
உச்சியில் ஓர் ஆடுகூட நின்றது
கடுகில் பாதிக் கொம்புகளோடு.
அடியில் குகைவாய்,
கல் கல்லாய்க் கீறிய வளைவு.
எண்பத்தேழில் ஒன்றாகச் சுருங்கிய உலகம்
ரயில் வரும்வரை சரியாகத்தான் இருந்தது.

பெர்கனிலிருந்து வருவதாக நாங்கள் சொல்லிக்கொள்ளும்
முப்பது சென்டிமீட்டர் சிவப்புப் பெட்டி
வாயில் நுழைந்தது, உள்ளே திரும்பியது,
க்ரக்.
அப்புறம் மோட்டாரின் முனகல் மட்டும்.

"அறுபது மில்லிமீட்டர் விட்டேனே, பலகையிலிருந்து."

பலகையிலிருந்து.
தக்கை ஐந்து, கட்டையும் தண்டவாளமும் இன்னோர் ஐந்து.
ரயில் பலகையிலா ஓடுகிறது, கௌதே?
இதை நான் சொல்லவில்லை.
சொல்லாததும் அவனுக்குக் கேட்டுவிட்டது.

நான் பல் செய்கிறவள்.
முகம் தெரியாதவர்களின் தாடைகள்
பகலெல்லாம் என் மேசையில் வாய் பிளந்து கிடக்கும்.
ஒரு முடி உயர்ந்தால் போதும்,
ஏவாங்கரில் ஒரு தபால்காரர் தூங்கமாட்டார்.
எங்கே இடிக்கிறது என்று கேட்டால்
மூன்று பல்லுக்கும் பொதுவாக விரலை வைத்து
"இங்கேதான் எங்கேயோ" என்பார்.
அதற்குத்தான் நீலத்தாள்.
கடிக்கச் சொல்லி எடுத்தால்
குற்றம் தனக்குத்தானே பொட்டு வைத்திருக்கும்.

மறுநாள் ஒரு கட்டு தாள் கொண்டுவந்தேன்.
பெட்டியின் கூரையில் ஒட்டினோம், இரு விலாவிலும்,
நாலு மூலையிலும்.
மின்சாரம் வேண்டாம். விரலால் தள்ளு. மெல்ல.

நேர்ப்பாதையில் ஒடுங்கிப் போகிற பெட்டி
வளைவில் வேறு ஆள்.
நடுவயிறு உள்பக்கம் பதிமூன்று மில்லிமீட்டர் சரிகிறது,
முனைகள் வெளிப்பக்கம் பன்னிரண்டு வீசுகின்றன,
கூட்டத்தில் திரும்பிப் பார்க்கிறவனின்
முழங்கையைப் போல.

டார்ச் அடித்துக் குனிந்தோம்.
கூரையில் ஒரு நீலக் கீற்று.
உள்சுவரில், இடுப்பு உரசிய இடத்தில், ஒரு பிறை.
செருப்பு கடிப்பதைப் போலத்தான்
மலையும் கடிக்கிறது, ஒரே இடத்தில்,
மற்ற இடமெல்லாம் சும்மா மலை.

மலையைக் கெல்லி எலி பிடிப்பார்கள்.
நாங்கள் மூன்று மில்லிமீட்டர் பிடித்தோம்,
கடைவாய்ப் பல் தேய்க்கும் என் டிரில்லால்,
மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு.

"இனிமேல் தடம் புரளாது" என்றான்.
"புரண்டால்?"
"புரளாது."
பின்பக்கம் கதவு வைத்தால் மலை மாதிரி இருக்காதாம்.

அவன் வலது கையைப் பிடித்து
மிச்ச மெழுகில் அழுத்தினேன்.
காலிக் கை, ஒன்பதரை சென்டிமீட்டர்.
விழுந்த பெட்டியைத் தூக்கிய கை, பன்னிரண்டு.
ரயிலுக்கு இடம் விட்டாய், சரி.
கைக்கு?

இரண்டு நாள் பேச்சில்லை.
காபிக் கோப்பைகள் மட்டும்
மேசையில் ஒன்றையொன்று உரசாமல் கடந்தன.

சனிக்கிழமை காலை ரம்பச் சத்தம்.
இறங்கிப் போனபோது
பைன் மரச்சரிவின் பின்னால் ஒரு சதுரம் திறந்திருந்தது,
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.
கௌதே அதில் காதை வைத்துக்கொண்டு
ரயிலை ஓடவிட்டிருந்தான்.

சிவப்புப் பெட்டி உள்ளே போனது.
ஜன்னல் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாய்
அவன் கன்னத்தைத் தொட்டு நகர்ந்தன.
சத்தமில்லை.
மறுபக்கம் வெளியே வந்தது.

நீலத்தை அவன் அழிக்கவில்லை.
உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்றான்.

ரம்பம் குலுக்கியதில் விழுந்த ஆட்டை மட்டும்
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.