இருபது விநாடி

கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறேன்.
பேசுகிறவருக்கு நாலு விநாடி பின்னால் நடப்பது என் வேலை.
அவர் முதலிலேயே போட்டுவிடும் வினைச்சொல்லை
வாய்க்குள் அடக்கிக்கொண்டு
வாக்கியத்தின் கடைசிவரை
மூச்சுப் பிடித்து ஓட வேண்டும், தமிழில்.

இன்று இரண்டாம் வாசிப்பு.
வீடுகளில் கைக்குழந்தைகளின் மூச்சையும் இதயத்துடிப்பையும்
கண்காணிக்கும் கருவிகளை ஆராய்வதற்கான மசோதா.
தலைப்பை நேற்றே ஒத்திகை பார்த்தாயிற்று.
இன்னும் ஒரே மூச்சில் வரவில்லை.

சொற்பட்டியலில் ‘மூச்சு நிறுத்தம்’ என்று எழுதியிருந்தேன்.
கமருன்னிசா பென்சிலால் அடித்தாள்.
“நிறுத்தம்னா முடிஞ்சுபோன மாதிரி இருக்கு.
இடைநிறுத்தம்னு போடு.”
இடை.
அந்த இரண்டெழுத்துக்குள்தான்
என் வீடு மூன்று மாதம் குடியிருந்தது.

மகிழ்வதனி பிறந்தபோது
ஆயிரத்து நூற்று நாற்பது கிராம்.
பெயர்தான் கனம் என்றார் தாதி.
பொங்கோலில் பதினான்காம் மாடி,
நெஞ்சில் இரண்டு ஒட்டுவில்லை, தொட்டிலோரம் ஒரு பெட்டி.
இருபது விநாடி மூச்சு வராவிட்டால் அலறும்.
வில்லை நழுவினாலும் அதே அலறல்.
அவள் காலை உதறினாலும் அதே.
தொண்ணூற்றேழு இரவு, முந்நூற்றுப் பதினொரு அலறல்.
இது பெட்டி வைத்திருந்த கணக்கு.
தில்லைநாதன் இருட்டில் அலமாரியில் இடித்துக்கொண்ட
கால்விரல் கணக்கு அதில் இல்லை.

மூன்றாம் வாரம் நகர மன்றத்திலிருந்து கடிதம்:
இரவில் ஏதோ ஒலி, அண்டைவீட்டார் புகார்.
பெயர் போடவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் திருமதி குவெக் மட்டும்தான்.

கருவியை மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்த அன்று
நாங்கள் தூங்கவில்லை.
விடிகாலை ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.
இரவு உடையோடு, முகம் வெளிறி, குவெக்.
“பேபி ஓகேயா? ராத்திரி சத்தமே இல்லையே.”

உறுப்பினர் புள்ளிவிவரத்துக்கு வந்துவிட்டார்.
பெரும்பாலானவை பொய் எச்சரிக்கைகளாமே,
பெற்றோரின் தூக்கத்துக்கு யார் பொறுப்பு?
நாலு விநாடி கழிந்தது. ஐந்து. ஆறு.
பார்வையாளர் மாடத்தில் ஒருவர்
காதுக்கருவியைத் தட்டிப் பார்த்தார்.
கமருவின் விரல் என் மைக் பொத்தானை நோக்கி நகர்ந்தது.
பொய் எச்சரிக்கை, என்றேன்.
மொழிபெயர்ப்பு சரிதான்.

முந்நூற்றுப் பத்து பொய்.
ஒன்று, மே மாதம், இரவு இரண்டே கால்:
உதடு நாவற்பழ நிறம்.
உள்ளங்காலை நிமிண்டினேன். அழுதாள்.
நான் நிமிண்டியதாலா,
இல்லை, இருபத்து நாலாம் விநாடியில்
அவளே எடுக்க இருந்த மூச்சா அது?
மசோதா கேட்பதும் இதைத்தான்,
கொஞ்சம் நீளமாக, உட்பிரிவுகளோடு.

அமைச்சர் எழுந்தார். தாளைப் பார்க்கவில்லை.
இந்தக் கருவி ஒரு குழந்தையையாவது காப்பாற்றியதா,
தனக்குத் தெரியாது என்றார்.
உரைபெயர்ப்பாளர் தன்மையில்தான் பேச வேண்டும், அது விதி.
எனக்குத் தெரியாது, என்றேன்.
காலையிலிருந்து அந்த ஒலிவாங்கியில்
எனக்காக நான் சொன்னது அது ஒன்றுதான்.

ஆமென்போர் ஆமென்றார்கள்.
நாலு விநாடி கழித்து, ஊதியத்துக்கு, நானும்.

கூண்டைவிட்டு வெளியே வந்து கைபேசியைத் திறந்தால்
தில்லையின் குறுஞ்செய்தி:
தொடக்கநிலை ஒன்றின் கணக்குப் பயிற்சி செய்யமாட்டாளாம்,
கன்னத்தை உப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு
சோபாவில் அடம்.

எத்தனை விநாடியாக, என்று கேட்டு அனுப்பினேன்.