பேய்ப்படி

சம்பளம் ஒன்பதாயிரம். பேய்ப்படி தனி,
இரவுக்கு இருநூறு.
பதினொன்றரைக்கு மாடிக் கதவில் மூன்று தட்டு.
பிறகு சங்கிலி. நாய்ச் சங்கிலிதான்,
நாய் செத்து நாலு வருஷம்.
கோணி விரித்து அதன்மேல் குலுக்க வேண்டும்;
தேக்குப் பலகையில் கீறல் விழுந்தால்
கிளாடிஸ் மேடம் படியில் பிடிப்பாள்.

கொடைக்கானல், ஏரிக்கு மேலே, சைப்ரஸ் மறைவில் பங்களா.
அன்று வந்தவர் கோவைப் பல் டாக்டர் இளம்பரிதி.
மனைவி, மச்சினன், ஒரு புரொஜெக்டர்.
நான் துவைத்த படுக்கை விரிப்பைக் கூடத்தில் கட்டி
மெக்சிகோ படம் போட்டார். கறுப்பு வெள்ளை.
"பேய் பங்களாதான், ஆனா சிரிப்புப் படம்.
நீங்களும் உட்காருங்க, சகாயம்."
மணி பத்து. உட்கார்ந்தேன்.

பியானோ இறக்க வந்த இரண்டு பேர்
மழையில் மாட்டிக்கொள்கிறார்கள்.
ஒருவன் குண்டு. மற்றவன்
அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற அளவு.
சுவர்ப் படத்துப் பாட்டனார் கண்ணை உருட்டுகிறார்.
குண்டன் எலும்புக்கூட்டிடம் தீப்பெட்டி கேட்கிறான்,
அதுவும் கொடுக்கிறது.
ரத்தம் குடிப்பவன் வாயைத் திறந்ததும்
டாக்டர் படத்தை நிறுத்தினார்:
"கோரைப்பல் செட் லூஸ். கடிச்சா இவன்தான் அழுவான்."
ஒரு வார்த்தை புரியவில்லை, வயிறு வலித்தது.

பாதியில் தெரிந்தது, பேய் அந்த வீட்டு வேலைக்காரன்.
எஜமானி சொல்லி, சொத்துக்காக,
மெழுகுவர்த்தியோடு சுவருக்குள் நடக்கிறான்.
தும்மலை அடக்குகிறான்.
யாருமில்லாதபோது சங்கிலியைக் கீழே வைத்துத்
தோளை நீவிக்கொள்கிறான்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன்.

எங்கள் பேய் மார்கரெட் துரைசானி,
மாடிப்படியில் விழுந்து செத்ததாக விளம்பரம்.
நிஜத்தில் மூட்டுவலியோடு கப்பலேறினாள்.
ஊரிலிருந்து அவள் போட்ட கிறிஸ்துமஸ் கார்டு
சமையலறை இழுப்பறையில் இருக்கிறது.
இந்த வளவில் செத்தது ராயப்பன் ஒருவர்தான்.
ஜனவரிப் பனியில், பம்ப் ஷெட்டுக்குள்,
கரியடுப்பைப் பக்கத்தில் வைத்துத் தூங்கி.
அவருக்காக ஒரு தட்டு தட்டச் சொல்லி
யாரும் காசு கொடுத்ததில்லை.

அப்போதுதான் பின்கதவு.
தொம்.
கொஞ்சம் பொறுத்து, தொம்.
மச்சினன் டாக்டர் முதுகுக்குப் பின்னால் போனான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே முக்கால்.
இன்னும் நேரமாகவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

டார்ச்சோடு போனேன்.
"ராயப்பண்ணே?"
வாய் தானாகக் கேட்டுவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி மூச்சுவிட்டது.
காட்டுமாடு.
நாலு காலுக்கும் வெள்ளைக் காலுறை போட்டு
கதவு நிலையில் தோளை உரசிக்கொண்டிருந்தது,
ஒரு அவசரமும் இல்லை அதற்கு.
டார்ச்சை அணைத்துவிட்டு
அங்கேயே நின்றேன், அது முடிக்கும் வரை.

"காத்துதாங்க" என்றேன் திரும்பி வந்து.
யாரும் நம்பவில்லை.
பதினொன்றரைக்கு நான் தட்டவில்லை.
படியை வாங்கிக்கொண்டேன்.

விடியுமுன்னே எழுந்து
பின்வாசல் சாணியை முறத்தில் அள்ளி,
பம்ப் ஷெட் ஓரம் ராயப்பன் நட்டுவைத்த
ஹைட்ரேஞ்சியாவின் காலடியில் போட்டேன்.
இன்னும் சூடாக இருந்தது.