கடைசி அழைப்பு

பொங்கோல் கிழக்கு வட்டத்தில்
ஓட்டுநரில்லாத ரயில்.
மடிமேல் கணினி.
நாலு வாரமாய்ப் பைத்தான்மேல்
ஸ்கீமைக் குடியேற்றுகிறேன்.

அடைப்புக்குறிகள் முதல் நாளே அடங்கிவிட்டன.
கூட்டல் வந்தது. பட்டியல் வந்தது,
பட்டியலுக்குள் வெறும் பட்டியலும்.
ஆனால் ஆயிரத்தைத் தொடுமுன்னே
விழுந்துவிடுகிறது சுற்று.

வந்த மொழிக்குப்
போன இடமே வீடு.
கடைசி அழைப்பென்றால்
திரும்பிப் பார்க்காது.
இடம் கொடுத்ததோ
அடிக்கு ஒரு ரசீது வாங்கி
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி
மூச்சுமுட்டிச் சாகிறது.

"விடு, ஆயிரம் தரம் யார் சுற்றப்போகிறார்கள்?"
கோப்பிக்கடையில் ஷூ யீ கேட்டாள்.
கேட்ட வாயாலேயே
"கோப்பி ஓ கோசோங்."
ஓ ஹொக்கியன், கோசோங் மலாய்.
கோப்பை நீட்டிய மியன்மார்க்காரர்
அதை எந்த மொழியில் கேட்டாரோ,
சீனியில்லாமல்தான் வந்தது.

இன்றைக்குத்தான் பிடிபட்டது.
நீ போகாதே.
போகவேண்டிய இடத்தைத்
துண்டுச்சீட்டில் எழுதி
வாசலில் கொடுத்துவிட்டு முடிந்துபோ.
வாசலில் நிற்கும் ஒருவன்
அடுத்தவனை அனுப்பிக்கொள்வான்.

நாலே வரி.
பத்து லட்சம் என்று அடித்தேன்.
விசிறி இரைந்தது.
ஒரு ரசீதுகூடச் சேரவில்லை.

நிமிர்ந்தால்,
ஆங்கிலக் குரலொன்று
தன் நாக்குக்கு வந்தபடி
'கடலூர்' என்கிறது,
மூன்றாம் தரம்.
நான் இறங்கவேண்டிய இடம்.
கதவு மூடுகிறது.
சரி,
இன்னொரு சோதனை ஓட்டலாம்.